நேற்றிரவு என்ன நடந்தது? லினக்ஸ் சர்வருக்கு எந்தக் கண்காணிப்புக் கருவி

காலை எட்டரைக்கு போன். "ராத்திரி ரெண்டு மணிக்கு பத்து பன்னிரண்டு நிமிஷம் சைட் திறக்கவே இல்லை சார், என்னன்னு கொஞ்சம் பாருங்க." சர்வருக்குள் நுழைந்து, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாப் கட்டளையை அடித்துப் பார்த்தேன். சிபியூ 97 சதவீதம் சும்மா கிடந்தது. மெமரி தாராளம். ஓடிக்கொண்டிருந்த ஒரு புரோகிராமிலும், அதாவது ப்ராசஸிலும், குறை சொல்ல எதுவும் இல்லை. திருடன் போய் ஆறு மணி நேரம் கழித்து வாசலில் டார்ச் அடித்துப் பார்த்த கதைதான்.

அதுவரை கருவிகளை ஒப்பிடுவது என்றால் எனக்கு டாப்பா, ஹெச்டாப்பா, இல்லை புதிதாக வந்திருக்கிற பீடாப்பா என்பதுதான். மூன்றுக்கும் தெரிந்தது ஒரே பதில்: இந்த நொடியில் என்ன ஓடுகிறது. கோளாறு அவ்வளவு பொறுமையாக நமக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் இப்போது நான் முதலில் கேட்பது, இந்தக் கருவி நடப்பதைக் காட்டுகிறதா, நடந்ததைக் காட்டுகிறதா என்று. வண்ணம், வசதி எல்லாம் அதற்குப் பிறகு.

ஒன்றிலிருந்து ஐந்து லினக்ஸ் சர்வர் வரை தனி ஆளாகப் பார்த்துக்கொள்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பிரோமிதியஸ், கிராஃபானா என்று தனிக் கண்காணிப்பு ஏற்பாடு வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. கட்டளைப் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன்; மைனஸ் என்று வருவது அந்தச் சின்னக் கோடு.

டாப், ஹெச்டாப், பீடாப்

டாப்பை 1984இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் லெஃபேவர் எழுதினார், அது பிஎஸ்டி யூனிக்ஸுக்காக. லினக்ஸில் நாம் அடிக்கிற டாப் அதே பெயரில் வேறு ஆட்கள் எழுதியது. முதல் பார்வைக்கு வறண்டு தெரியும். ஆனால் நாலைந்து விசை தெரிந்தால் போதும்: 1 அடித்தால் ஒவ்வொரு சிபியூ கோரும் தனியாகப் பிரியும், பெரிய எம் மெமரி வரிசை, பெரிய பி சிபியூ வரிசை, சின்ன சி முழுக் கட்டளையையும் காட்டும். பிடித்த மாதிரி அமைத்துக்கொண்டு பெரிய டபிள்யூ அடித்தால் அடுத்த முறையும் அப்படியே வரும். இந்தக் கடைசி விசை தெரியாமல் பல வருஷம் ஒவ்வொரு முறையும் ஒன்று, எம், சி என்று அடித்துக்கொண்டிருந்தேன்.

ஹெச்டாப் 2004இல் வந்தது. எழுதியவர் ஹிஷாம் முகமது. இடையில் வளர்ச்சி தேங்கி, 2020இல் ஒரு புதிய குழு கையில் எடுத்து 3.0 வெளியிட்டது. எஃப்4இல் பெயரை அடித்து வடிகட்டலாம், எஃப்5 அடித்தால் யார் யாரைப் பெற்றது என்று குடும்ப மரம் தெரியும், எஃப்9இல் சிக்னல் அனுப்பலாம். புதிதாகப் பார்ப்பவரைப் பயமுறுத்துவது ஒன்று உண்டு. ஒரே டேட்டாபேஸ் நாற்பது வரியாகத் தெரியும், ஒவ்வொன்றும் ஒரு ஜிபி தின்கிற மாதிரி இருக்கும். அவை தனித்தனி ப்ராசஸ் இல்லை, ஒரே ப்ராசஸுக்குள் ஓடும் கிளைகளான த்ரெட்கள். மெமரியும் ஒரே மெமரிதான். பெரிய ஹெச் அடித்தால் மறைந்துவிடும்.

பீடாப்பின் கதை வேடிக்கையானது. ஒரே ஆள் அதை முதலில் பாஷில் எழுதினார், அப்புறம் பைதானில், 2021இல் சி பிளஸ் பிளஸில். சிபியூ, மெமரி, டிஸ்க், நெட்வொர்க் எல்லாம் ஒரே திரையில் வரைபடமாக ஓடும். பார்க்க அழகு. ஆனால் பயணத்தில், மொபைல் ஹாட்ஸ்பாட் வழியாக எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) போட்டு உட்காரும்போது அந்த அழகு அடிக்கடி திக்கும். அது வரைகிற கோடுகளுக்கு டெர்மினலும் யூடிஎஃப்-8இல் ஒழுங்காக அமைந்திருக்க வேண்டும். என் லேப்டாப்பில் பீடாப் இருக்கிறது, சர்வர்களில் இல்லை.

அன்றாடப் பார்வைக்கு என் ஓட்டு ஹெச்டாப்புக்கு. டாப்பைக் கைவிடவும் முடியாது, ஏனென்றால் வேறொருவரின் சர்வரில் நமக்குக் கிடைப்பது அதுதான். அதுவும் கிடைக்காத இடம் கன்டெய்னர், அதாவது ஒரு அப்ளிகேஷனை மட்டும் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி. டெபியன் ஸ்லிம் இமேஜ்களில் டாப்பும் இருக்காது, ப்ராசஸ் பட்டியல் தரும் பிஎஸ்ஸும் இருக்காது. அங்கே லினக்ஸின் மையமான கர்னல் தன் கணக்கைக் காட்டும் ப்ராக் கோப்புறைக்குள் போய் லோடுஆவரேஜ், மெம்இன்ஃபோ கோப்புகளை கேட் கட்டளையால் படிக்க வேண்டியதுதான். அதிலும் கவனம்: கன்டெய்னருக்குள் தெரியும் மெமரி கணக்கு அந்தக் கன்டெய்னருடையது அல்ல, அதைத் தாங்கும் மொத்த இயந்திரத்துடையது. கன்டெய்னரின் கணக்கு வேண்டுமென்றால் வெளியே வந்து டாக்கர் ஸ்டாட்ஸ் பாருங்கள்.

லோடு 12, சிபியூ சும்மா

டாப்பின் முதல் வரியில் மூன்று எண்கள் இருக்கும்: ஒரு நிமிட, ஐந்து நிமிட, பதினைந்து நிமிட லோடு ஆவரேஜ். இரண்டு கோர் சர்வரில் லோடு 12 என்று தெரியும்போது சிபியூ போதவில்லை என்று முடிவுகட்டி பெரிய பிளானுக்கு மாறியவர்களை எனக்குத் தெரியும். மாறிய பிறகும் லோடு 12.

காரணம் லினக்ஸின் ஒரு தனிப் பழக்கம். மற்ற யூனிக்ஸ்களில் லோடு என்பது சிபியூவுக்கு நிற்கும் வரிசை. லினக்ஸில் 1993இல் வந்த ஒரு பேட்ச்சிலிருந்து, டிஸ்க்குக்காக எழுப்ப முடியாத தூக்கத்தில் காத்திருக்கும் ப்ராசஸ்களும் அதில் சேர்ந்துவிட்டன. டாப்பில் நிலை என்ற பத்தியில் டி (டிஸ்க்கின் முதல் எழுத்து) என்று தெரிபவை அவை. ஆக, லோடு ஏறினால் ஏதோ எங்கோ நிற்கிறது என்பது வரைதான் தெரியும். எதற்காக நிற்கிறது என்பதற்கு வேறு கருவி வேண்டும்.

அதற்கு நான் முதலில் போடுவது விஎம்ஸ்டாட் 1. நொடிக்கு ஒரு வரி வரும். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது சர்வர் எழுந்ததிலிருந்து இதுவரையிலான சராசரி. பலர் அதையே படித்துவிட்டு எழுந்துபோகிறார்கள். ஆர் பத்தி சிபியூவுக்கான வரிசை, பி பத்தி டிஸ்க்குக்கான வரிசை. எஸ்ஐ, எஸ்ஓ இரண்டும் சுழியாக இல்லாமல் தொடர்ந்து ஓடினால் மெமரி பற்றாமல் ஸ்வாப்புக்கு, அதாவது மெமரிக்கு உபரியாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்துக்கு, போய்வருகிறது. கடைசிப் பக்கத்தில் எஸ்டி என்று ஒன்று இருக்கும், ஸ்டீல்: நமக்கு வர வேண்டிய சிபியூ நேரம் அதே இயந்திரத்தின் மற்றவர்களுக்குப் போவது. வாடகை சர்வரில் இதைப் பார்க்காமல் விடக்கூடாது. அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே மோட்டார். மேல்வீட்டில் வாஷிங் மெஷின் ஓடினால் நம் குழாயில் நூலாக வரும் இல்லையா, அதுதான் எஸ்டி. அது ஏறி நின்றால் உங்கள் கோடில் எதையும் தேடாதீர்கள், வாடகைக்குக் கொடுத்தவரிடம் டிக்கெட் போடுங்கள்.

2018 டிசம்பரில் வந்த 4.20 கர்னலில் இதைவிடத் தெளிவான ஒன்று சேர்ந்தது. ப்ராக் கோப்புறைக்குள் பிரஷர் என்று ஒரு கோப்புறை. அதில் சிபியூ, மெமரி, ஐஓ என மூன்று கோப்புகள். கடந்த 10, 60, 300 நொடிகளில் எத்தனை சதவீத நேரம் வேலைகள் அந்த ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தன என்று நேராகச் சொல்லும். லோடு 12 என்பதைவிட "ஐஓவுக்காக 60 சதவீத நேரம் காத்திருப்பு" என்பது எவ்வளவு பயன்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரெட் ஹாட் வழி வந்தவற்றில் கர்னல் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் பிஎஸ்ஐ=1 சேர்த்தால்தான் இது கிடைக்கும்.

சாரா, ஏடாப்பா

இப்போது அந்த இரவுக்கு வருவோம். இரவு நடந்ததைக் காலையில் சொல்லக்கூடிய கருவிகளில் சின்ன சர்வருக்கு இரண்டுதான் நிஜமான போட்டியாளர்கள்.

சார் என்பது பழைய யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் காலத்துப் பெயர். லினக்ஸில் அது சிஸ்ஸ்டாட் தொகுப்புக்குள் வருகிறது, எழுதியவர் செபாஸ்டியன் கோடார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரின் மொத்தக் கணக்கை எடுத்து எழுதி வைத்துவிட்டுப் போய்விடும். சுமை என்று சொல்லவே முடியாத அளவுக்குச் சின்ன வேலை. காலையில் சார் மைனஸ் 1 என்று அடித்தால் நேற்றைய நாள் முழுக்க வரிவரியாக வரும். மைனஸ் ஆர் சேர்த்தால் மெமரி, மைனஸ் க்யூ சேர்த்தால் லோடு, மைனஸ் டி சேர்த்தால் டிஸ்க். ஒரு எச்சரிக்கை: டெபியன் வழி வந்தவற்றில் நிறுவியதும் சேகரிப்பு தானாகத் தொடங்காமல் இருக்கலாம். ஈடிசி டிஃபால்ட் கோப்புறையில் சிஸ்ஸ்டாட் கோப்பைத் திறந்து, எனேபிள்டு என்பது ட்ரூ ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் "சார் இருக்கிறது" என்ற தைரியத்தில் இருந்துவிட்டு, தேவைப்பட்ட நாளில் கோப்புறையைத் திறந்தால் காலி. அது நான்தான்.

ஏடாப் கெர்லாஃப் லாங்கவெல்ட் எழுதியது. இதுவும் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் பதிகிறது. ஆனால் மொத்தக் கணக்கோடு நிற்காமல் ஒவ்வொரு ப்ராசஸின் கணக்கையும் சேர்த்துப் பதியும். ஏடாப் மைனஸ் ஆர் ஒய் என்று அடித்தால் நேற்றைய பதிவு திறக்கும். இரண்டு ஒய் போட்டால் முந்தாநாள். உள்ளே போய் டைமின் முதல் எழுத்தான சின்ன டி அடித்தால் நேரம் முன்னால் நகரும், பெரிய டி அடித்தால் பின்னால். திரை டாப் மாதிரியே இருக்கும், ஆனால் நேற்றிரவின் டாப். இன்னொரு கெட்டிக்காரத்தனம்: இரண்டு பதிவுகளுக்கு நடுவே பிறந்து செத்துப்போன ப்ராசஸ்களையும் கர்னலின் கணக்குப் பதிவிலிருந்து எடுத்துக் காட்டும். டாப்பிலும் ஹெச்டாப்பிலும் கண்ணில் படாமல் தப்புகிறவை இந்த அற்பாயுசுக்காரர்கள்தான்.

வித்தியாசம் எனக்கு உறைத்தது அதே சர்வரில்தான். முதல் சம்பவத்துக்குப் பிறகு இரண்டையும் போட்டேன். நாலாம் நாள் மறுபடி அதே நேரம், அதே திணறல். சார் சொன்னது: 2:00 முதல் 2:20 வரை சிபியூ டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம் வானத்துக்கு ஏறியிருக்கிறது. சரி, டிஸ்க். ஆனால் யார்? ஏடாப்பைத் திறந்து 2:10க்குப் போனதும் தெரிந்தது. பேக்கப் ஸ்கிரிப்ட் இரண்டு பிரதி ஓடிக்கொண்டிருந்தது. முந்தைய இரவு தொடங்கியது வெளி இடத்துக்குப் பிரதி அனுப்ப முடியாமல் மெதுவாக நீண்டுகொண்டே போயிருக்கிறது, அது முடிவதற்குள் இன்றைய இரவுக்கான கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைக் கிளப்புவது) இன்னொன்றைக் கிளப்பிவிட்டது. இரண்டும் ஒரே டிஸ்க்கில் டேட்டாபேஸைச் சுருக்கி எழுதினால் சைட் எப்படித் திறக்கும்? கிரான் வரியில் எஃப்லாக் மைனஸ் என் சேர்த்தேன். ஒன்று ஓடும்போது இன்னொன்று கிளம்பாது. விஷயம் அதோடு முடிந்தது.

சார் எந்தத் தெரு என்று சொன்னது, ஏடாப் வீட்டு எண்ணையும் சொன்னது. அதற்காக எல்லா இடத்திலும் ஏடாப் என்று சொல்லிவிட மாட்டேன். பத்து நிமிடச் சராசரியில் நாற்பது நொடித் திணறல் கரைந்துபோகும், இது இரண்டுக்கும் பொருந்தும். அதனால் நான் ஏடாப்பின் இடைவெளியை 600 நொடியிலிருந்து 60 ஆக்கிவிடுகிறேன்; டெபியனில் ஈடிசி டிஃபால்ட் கோப்புறையின் ஏடாப் கோப்பில் லாக்இன்டர்வல் என்ற வரி. அப்படிச் செய்தால் பதிவுக் கோப்பு பெருகும். ப்ராசஸ் எண்ணிக்கையைப் பொறுத்து எவ்வளவு என்பது மாறும்; ஒரு வாரம் விட்டுப் பார்த்து, எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை முடிவு செய்யுங்கள். இயல்பாக 28 நாள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஏடாப் ரூட் உரிமையோடு, அதாவது சர்வரில் எதையும் செய்யும் அதிகாரத்தோடு, இரவும் பகலும் ஓடுகிற புரோகிராம். 2025 மார்ச்சில் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தது. கிராஃபிக்ஸ் கார்டு கணக்கெடுக்கும் துணைப் புரோகிராமைத் தேடி உள்ளூர் போர்ட் ஒன்றில் அது தானாக இணைப்புப் போட, அந்த போர்ட்டில் வேறொருவர் உட்கார்ந்திருந்தால் ஏடாப்பையே தடுமாற வைக்கலாம் என்ற நிலை. 2.11.1 பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். பல பேர் லாகின் வைத்திருக்கும் பொதுச் சர்வரில் பழைய பதிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். இந்த மாதிரி விஷயத்தில் சாரின் எளிமைக்கு ஒரு மரியாதை இருக்கிறது: வரும், எழுதும், போய்விடும்.

மெமரி பயம்

ஃப்ரீ மைனஸ் ஹெச் அடித்தவுடன் ஃப்ரீ என்ற பத்தியில் 180 எம்பி என்று பார்த்துப் பதறி சர்வரை ரீஸ்டார்ட் செய்வது இன்னும் நின்றபாடில்லை. சும்மா கிடக்கும் மெமரியில் லினக்ஸ் கோப்புகளின் பிரதியை வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது கடைசிப் பத்தி, அவைலபிள். 2014இல் வந்த 3.14 கர்னலிலிருந்து கர்னலே இந்த மதிப்பீட்டைத் தருகிறது.

நிஜமாகவே மெமரி தீர்ந்து கர்னல் ஒரு ப்ராசஸைக் கொன்றிருந்தால், அது கர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்ஸெக்கிலும் இருக்கும், ஜர்னல்சிடிஎல் மைனஸ் கே யிலும் இருக்கும். எதைப் பார்ப்பது? சர்வர் அதற்குப் பிறகு ரீபூட் ஆகவில்லை என்றால் எதுவும் சரிதான். ஆகிவிட்டது என்றால் டிஎம்ஸெக் கையை விரித்துவிடும், அது மெமரியில் இருக்கிற வட்டப் பதிவு மட்டுமே. ஜர்னல்சிடிஎல்லில் மைனஸ் பி மைனஸ் 1 சேர்த்தால் முந்தைய பூட்டின் செய்திகள் வரும், வார் லாக் கோப்புறைக்குள் ஜர்னல் என்ற கோப்புறை இருந்தால். இல்லையென்றால் இன்றே உருவாக்கி வையுங்கள்.

டிஸ்க் நிறைந்துவிட்டது, ஆனால் கோப்பைக் காணோம்

டிஎஃப் சொல்கிறது 100 சதவீதம். டியூ போட்டுக் கூட்டினால் 40 ஜிபியில் 22தான் வருகிறது. மீதி எங்கே?

இரண்டும் பொய் சொல்லவில்லை. டிஎஃப் ஃபைல் சிஸ்டத்திடம் கேட்கிறது, டியூ கோப்புறைகளுக்குள் நடந்து போய் எண்ணுகிறது. யாரோ இடம் வேண்டும் என்று 18 ஜிபி லாக் கோப்பை அழித்திருப்பார்கள்; அதைத் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் இன்னும் விடவில்லை. பெயர் போய்விட்டது, இடம் போகவில்லை. எல்எஸ்ஓஎஃப் பிளஸ் எல்1 என்று அடித்தால் இந்த மாதிரிப் பெயரில்லா கோப்புகளையும், பிடித்து வைத்திருப்பவர் யார் என்பதையும் காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும். அடுத்த முறை லாக் கோப்பை அழிக்காமல் ட்ரங்கேட் மைனஸ் எஸ் 0 போட்டு காலியாக்குங்கள்.

இன்னொரு வகை: டிஎஃப் பாதிதான் நிறைந்திருக்கிறது என்கிறது, ஆனால் இடமில்லை என்று எழுத மறுக்கிறது. டிஎஃப் மைனஸ் ஐ அடித்துப் பாருங்கள். பிஹெச்பி செஷன் கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்து ஐநோடு, அதாவது கோப்புக்கு ஒன்று வேண்டிய பதிவிடம், தீர்ந்திருக்கும். ஓட்டலில் சோறு இருக்கிறது, இலை தீர்ந்துவிட்டது.

எங்கே குவிந்திருக்கிறது என்று தேட டியூவைவிட என்சிடியூ பல மடங்கு வசதி. ஒருமுறை எண்ணி முடித்துவிட்டு, அம்புக்குறி விசையால் உள்ளே உள்ளே போகலாம். மைனஸ் எக்ஸ் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் வேறு டிஸ்க்குகளுக்குள்ளும் நுழைந்துவிடும். டியூவைத் தெரிந்து வைத்திருப்பது, என்சிடியூ நிறுவக்கூட இடமில்லாத நாளுக்கு.

டிஸ்க் மெதுவாக இருக்கிறது என்றால் ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ்இசட் 1. அதில் கடைசிப் பத்தியான யூட்டில் 100 என்று நின்றால் எல்லோரும் டிஸ்க் செத்தது என்பார்கள். ஒரே முள் சுழன்ற பழைய ஹார்டு டிஸ்க்குக்கு அது சரி. எஸ்எஸ்டி ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளை ஏற்கும். யூட்டில் 100 என்பதற்கு "எப்போதும் ஏதோ ஒரு வேலையாவது கையில் இருந்தது" என்று மட்டும்தான் பொருள். அவெய்ட் பத்திகளைப் பாருங்கள், ஒரு கோரிக்கை எத்தனை மில்லிநொடி காத்தது என்பது அதில் இருக்கிறது. யார் எழுதுகிறார்கள் என்பதற்கு ஐஓடாப் பெயர்பெற்றது. ஆனால் 5.14 கர்னலிலிருந்து அதற்குத் தேவையான காத்திருப்புக் கணக்கு இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. அதனால் முக்கியமான ஐஓ சதவீதப் பத்தியே வராது. கர்னல் அமைப்பில் டாஸ்க் டிலேஅக்ட் என்பதை 1 ஆக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்றால் சிஸ்ஸ்டாட்டோடு சேர்ந்தே வரும் பிட்ஸ்டாட் மைனஸ் டி 1 போதும். நான் ஐஓடாப்பை நிறுவுவதை விட்டுவிட்டேன்.

நெட்வொர்க்

இணைப்புகளைப் பார்க்க நெட்ஸ்டாட்டா எஸ்எஸ்ஸா என்பது இனி ஒரு விவாதமே இல்லை. இன்றைய டெபியன், உபுண்டுவில் நெட்ஸ்டாட் நிறுவப்பட்டே வருவதில்லை. ப்ராக் கோப்புகளை வரிவரியாகப் படிக்கும் நெட்ஸ்டாட், ஆயிரக்கணக்கில் இணைப்பு இருந்தால் மூச்சு வாங்கும். எஸ்எஸ் கர்னலிடம் நேராகக் கேட்டு வாங்கிவிடும். விரல் பழக்கத்தைக்கூட மாற்ற வேண்டாம், டி யூ என் எல் பி என்ற அதே ஐந்து எழுத்து இதிலும் வேலை செய்யும். ஒன்று மட்டும் கவனிக்க: லிசன் நிலையில் உள்ள வரியில் ரிசீவ் க்யூ என்பது இப்போது வாசலில் நிற்கும் இணைப்புகள், சென்ட் க்யூ என்பது எத்தனை பேர் நிற்க இடம் உண்டு என்பது. முதலாவது இரண்டாவதைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அப்ளிகேஷன் கதவைத் திறக்க நேரமெடுக்கிறது என்று பொருள்.

பிங், 1983 டிசம்பரில் மைக் மூஸ் எழுதியது, எதிர்முனை பதில் சொல்கிறதா என்ற முதல் கேள்விக்கு இன்றும் போதும். வழியில் எங்கே தடை என்பதற்கு ட்ரேஸ்ரூட்டைவிட எம்டிஆர் மேல், ஏனென்றால் அது நிற்காமல் திரும்பத் திரும்ப அனுப்பி, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இழப்பைக் கணக்கிடும். ஆனால் எம்டிஆர் படத்தைத் தவறாகப் படித்து இணைப்பு கொடுப்பவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். நடுவில் ஒரு ரூட்டரில் 40 சதவீத இழப்பு தெரிந்து, அதற்கு அடுத்தவற்றிலும் கடைசியிலும் சுழி என்றால் அங்கே எதுவும் தொலையவில்லை. அந்த ரூட்டர் நமக்குப் பதில் சொல்வதை முக்கிய வேலையாக நினைக்கவில்லை, அவ்வளவுதான். இழப்பு ஓர் இடத்தில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால்தான் புகார்.

டொமைன் பெயர்க் கோளாறுக்கு என்எஸ்லுக்கப்புக்குப் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். டிக் தரும் பதிலில் டிடிஎல் நேரமும் (அந்தப் பதிலை எவ்வளவு நேரம் சேமித்து வைக்கலாம் என்பது), எந்த சர்வர் பதில் சொன்னது என்பதும் இருப்பதால் நான் அதைப் போடுகிறேன். இரண்டுமே ஈடிசி ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது என்பதை மறந்து ஒரு மாலை முழுவதும் தொலைத்திருக்கிறேன். உங்கள் அப்ளிகேஷன் எந்த முகவரிக்குப் போகும் என்று தெரிய கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் அடியுங்கள்.

எஸ்ட்ரேஸைத் தொடும் முன்

ப்ராசஸ் உறைந்து நிற்கிறது, லாக்கில் ஒன்றும் இல்லை. அப்போது எஸ்ட்ரேஸ் மைனஸ் பி போட்டு அது கர்னலிடம் கடைசியாக என்ன கேட்டது என்று பார்த்தால் பாதிக் கதை வெளியே வரும்: இல்லாத கோப்பைத் தேடுகிறதா, பதில் வராத ஐபிக்குக் காத்திருக்கிறதா. அருமையான கருவி. ஆனால் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் (கர்னலிடம் வைக்கும் கோரிக்கை) ப்ராசஸை இரண்டு முறை நிறுத்தித்தான் அது பார்க்கிறது. சர்வர் வேக ஆய்வில் பெயர்பெற்ற பிரெண்டன் கிரெக் ஒரு கடைக்கோடிச் சோதனையில் 400 மடங்குக்கு மேல் வேகம் குறைந்ததைக் காட்டியிருக்கிறார். உறைந்து நிற்கும் ப்ராசஸில் போடலாம், அது எப்படியும் நிற்கிறது. பரபரப்பான நேரத்தில் ஓடும் டேட்டாபேஸில் போடாதீர்கள். அங்கே பெர்ஃப் டாப் பாதுகாப்பானது, எந்த ஃபங்ஷனில் சிபியூ கரைகிறது என்று மாதிரி எடுத்துச் சொல்லும், தடுத்து நிறுத்தாது.

நிறுவ வேண்டியது எதை

இதே கிரெக் நெட்ஃப்ளிக்ஸில் இருந்தபோது 2015இல், ஒரு சர்வரில் நுழைந்த முதல் 60 நொடியில் அடிக்க வேண்டிய பத்துக் கட்டளைகளை அவர் குழு பட்டியலிட்டது. அப்டைம், டிஎம்ஸெக், விஎம்ஸ்டாட், எம்பிஸ்டாட், பிட்ஸ்டாட், ஐஓஸ்டாட், ஃப்ரீ, இரண்டு விதமாக சார், கடைசியாக டாப். டாப் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். இதில் பாதி சிஸ்ஸ்டாட் தொகுப்பு. அது இல்லாத சர்வரில் இந்தப் பட்டியல் செல்லாது. டிஸ்க் நிறைந்த பிறகோ நெட்வொர்க் விழுந்த பிறகோ ஏபிடி இன்ஸ்டால் அடித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சர்வர் வாங்கிய அன்றே போட்டுவிட வேண்டும்.

ஒரே சர்வர், அதில் வெப், டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து ஓடுகிறது, நாலு ஜிபி ராம்: சிஸ்ஸ்டாட், 60 நொடி இடைவெளியில் ஏடாப், ஹெச்டாப், என்சிடியூ, எல்எஸ்ஓஎஃப், எம்டிஆர். நாலைந்து சர்வர் இருந்தால் எல்லாவற்றிலும் சார், டேட்டாபேஸ் இருப்பதில் மட்டும் ஏடாப். ஒரு ஜிபி ராமில் இழுத்துப் பறித்து ஓட்டுகிறீர்கள் என்றால் சார் மட்டும் போதும். கூடவே ஜர்னல் கோப்புறையை உருவாக்கி, அதன் உச்ச அளவை ஜர்னல்டி அமைப்பில் 200 எம்பி என்று கட்டிவிடுங்கள், இல்லையென்றால் இயல்பாக டிஸ்க்கில் பத்து சதவீதம் வரை அதுவே எடுத்துக்கொள்ளலாம்.